வலிக்கும் வரை காத்திருக்கலாமா?

உங்கள் வீட்டில் 35 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்களுள் கடந்த ஒரு வருட காலத்தில் தமது இரத்த அழுத்தத்தையும் இரத்தத்திலுள்ள சீனியின் அளவையும் பரிசோதித்துக் கொண்டவர்கள் எத்தனை பேர்?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடையை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் நீங்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அவ்வாறு இருப்பதில்லை. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, சும்மா எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?" என்பதே நம்மில் அநேகரின் பதிலாக இருக்கிறது. வாப்பாவுக்கு நேரமில்லை. உம்மாவுக்கோ எல்லோருடைய வருத்தத்தையும் பார்த்து முடிந்த பின்னர்தான் தன்னுடைய உடம்பு ஞாபகத்துக்கு வருகிறது.

வருத்தம் வந்தால் வைத்தியரிடம் போவது என்ற பழக்கம், தடிமன், காய்ச்சல், வயிற்றோட்டம் போன்றவற்றுக்குப் பொருந்தும். ஆனால் இன்று நமது நாட்டில் அதிகமான உயிர்களைப் பறிக்கும் நோய்கள் இந்தப் பழக்கத்துக்குக் கட்டுப்படுபவை அல்ல. அவை வலிப்பதில்லை, காய்வதுமில்லை. பல வருடங்கள் உடம்புக்குள் அமைதியாக இருந்துவிட்டு, ஒருநாள் மாரடைப்பாகவோ பாரிசவாதமாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோதான் தம்மை வெளிக்காட்டுகின்றன.

மாறிவிட்ட நோய்கள்

இலங்கையின் சுகாதார வரலாறு பெருமைப்படத்தக்க ஒன்றாகும். 1934, 35ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியா இந்தத் தீவில் சுமார் 80,000 பேரைக் காவுகொண்டது. அதே நாட்டுக்கு 2016ஆம் ஆண்டில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார ஸ்தாபனம் வழங்கியது. 1993ஆம் ஆண்டுக்குப் பின்னர் இங்கு போலியோ நோயாளர் எவரும் கண்டறியப்படவில்லை. 1926இல் களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாக வந்து செல்லும் மருத்துவமாதுக்களின் சேவையும், இலவச மருத்துவமும் இந்த வெற்றிகளுக்குப் பின்னால் இருக்கின்றன.

ஆனால் இன்று நிலைமை வேறு. நமது நாட்டில் நிகழும் 10 மரணங்களில் ஏறத்தாழ எட்டு, தொற்றாத நோய்களினால் ஏற்படுபவை. இருதய நோய், பாரிசவாதம், நீரிழிவு, புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய் என்பன இவற்றுள் முக்கியமானவை. நுளம்பை ஒழித்தது போல் இவற்றை மருந்து தெளித்து ஒழிக்க முடியாது. நமது சாப்பாட்டுத் தட்டிலும், தேநீர்க் கோப்பையிலும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மணித்தியாலங்களிலும் இவற்றின் வேர் இருக்கிறது.

இவற்றுள் நீரிழிவை, அதாவது நாம் சாதாரணமாகச் சீனி வியாதி என்று சொல்வதை, இங்கு பிரதானமாக எடுத்துக் கொள்வோம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் வளர்ந்தோர் மத்தியில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்றில் 100 பேரில் சுமார் 10 பேருக்கு இந்நோய் இருப்பது தெரிய வந்தது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வோ 100 பேரில் 23 பேர் என்ற கணக்கைத் தந்தது. இன்னும் சுமார் 30 பேர் நீரிழிவின் வாசற்படியில் நின்றார்கள். ஆய்வு முறைகள் வித்தியாசமானவை என்றாலும், நாம் எந்தத் திசையில் போய்க் கொண்டிருக்கிறோம் என்பதை இவை நன்றாகவே காட்டுகின்றன.

உடம்புக்குள் நடப்பது என்ன?

நாம் உண்ணும் சோறு, பாண், ரொட்டி, இடியப்பம், பழம் எல்லாம் சமிபாடடைந்து குளுக்கோஸ் என்ற சீனியாக இரத்தத்தில் சேருகின்றன. அந்தச் சீனியை உடம்பின் கலங்களுக்குள் அனுப்பும் சாவிதான் இன்சுலின். சதையி எனப்படும் கணையம் இதனைச் சுரக்கிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது இந்தச் சாவி பூட்டில் சரியாகத் திரும்புவதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகொடுக்கப் பார்க்கிறது. சில வருடங்களில் அதுவும் களைத்துப் போகிறது. அப்போது சீனி இரத்தத்திலேயே தேங்கத் தொடங்குகிறது.

தேங்கிய சீனி நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்புகள் ஆகியவை முதலில் பாதிக்கப்படுகின்றன. இருதயத்துக்கும் மூளைக்கும் செல்லும் பெரிய குழாய்களும் தப்புவதில்லை.

அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமின்றி மெலிதல், களைப்பு, ஆறாத புண் என்பன இதன் அறிகுறிகள் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் சீனி மிகவும் கூடிய பின்னரே இவை தோன்றுகின்றன. ஆரம்பத்தில் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. எனவே அறிகுறியை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் நோய்க்குச் சில வருடங்களை இனாமாகக் கொடுத்து விடுகிறார்.

தெற்காசியர்களான நாம் இன்னொரு விடயத்தையும் மனதில் கொள்ள வேண்டும். ஐரோப்பியரை விட இளம் வயதிலும், குறைந்த உடல் எடையிலும் இந்நோய் நம்மைப் பிடிக்கிறது. "நான் மெலிந்தவன், எனக்கு வராது" என்று எவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கையும் காலும் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்னால் வந்திருப்பது நம்மவரின் தேகவாகு. அந்த வயிறுதான் ஆபத்து.

யார், எப்போது பரிசோதிக்க வேண்டும்?

35 வயதைத் தாண்டிய ஆண், பெண் இருபாலாரும் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். பின்வருவோர் 35 வயது வரை காத்திருக்கவும் தேவையில்லை:

- உம்மா, வாப்பா அல்லது கூடப்பிறந்த நானா, ராத்தா, தம்பி, தங்கையில் ஒருவருக்குச் சீனி வியாதி உள்ளவர்கள்
- வயிற்றின் சுற்றளவு ஆண்களில் 90 சென்ரிமீற்றருக்கு (ஏறத்தாழ 35½ அங்குலம்) மேலும், பெண்களில் 80 சென்ரிமீற்றருக்கு (ஏறத்தாழ 31½ அங்குலம்) மேலும் உள்ளவர்கள்
- கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்த தாய்மார்கள்
- உயர் இரத்த அழுத்தம் அல்லது கொலஸ்ட்ரோல் உள்ளவர்கள்

கர்ப்ப காலத்தில் வந்த சீனி பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் போய்விடும். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பது தவறு. பிரசவித்து ஆறு முதல் 12 கிழமைகளுக்குள் ஒரு தடவையும், அதன் பின்னர் வைத்தியர் கூறும் இடைவெளியில் ஒழுங்காகவும் பரிசோதித்துக் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு இத்தாய்மார்களுக்கு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம்.

பரிசோதனை மிக இலகுவானது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குறைந்தது எட்டு மணித்தியாலம் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல், காலையில் இரத்தம் கொடுக்க வேண்டும். சீனி போடாத பிளேன்டீயும் கூடாது. கிடைக்கும் முடிவை இவ்வாறு விளங்கிக் கொள்ளலாம்:

- 100 மி.கி.க்குக் குறைவு: சரியான நிலை
- 100 முதல் 125 வரை: நீரிழிவின் வாசற்படி
- 126 அல்லது அதற்கு மேல்: நீரிழிவாக இருக்கலாம். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு பரிசோதனை மூலம் உறுதி செய்யப்படும்

எச்பிஏ1சி என்ற இன்னொரு பரிசோதனையும் உண்டு. இது கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது. 5.7க்குக் குறைவு நல்லது. 6.5 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. இதில் ஒரு நன்மை உண்டு. வழமையாகக் கண்டபடி சாப்பிட்டு, பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து வைத்தியரை ஏமாற்ற இதில் வழியில்லை.

எங்கே போவது?

இதற்காகப் பெருந்தொகைப் பணம் செலவழிக்க வேண்டும் என்பதில்லை. 2011ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் 'ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள்' ஆரம்பிக்கப்பட்டு வந்துள்ளன. பிரதேச வைத்தியசாலைகளிலும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளிலும் இவை இயங்குகின்றன. உயரம், எடை, இரத்த அழுத்தம், சீனி என்பவற்றைப் பார்த்து, அடுத்த 10 வருடங்களில் மாரடைப்போ பாரிசவாதமோ வருவதற்குரிய வாய்ப்பையும் கணித்துச் சொல்வார்கள். வாயையும் சோதிப்பார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவர்களுக்கு இது மிக முக்கியம். இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. எல்லாம் இலவசம். நோயில்லாதவர்களுக்காகவே திறக்கப்பட்ட இந்த நிலையங்களுக்கு, நோயில்லை என்ற காரணத்தாலேயே பலர் போகாமல் இருப்பது கவலைக்குரியது.

பெண்களுக்காக 1996ஆம் ஆண்டு முதல் 'சுகவனிதையர் கிளினிக்' நடைபெற்று வருகிறது. உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது மருத்துவமாதுவிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார்கள். சீனி, இரத்த அழுத்தம் ஆகியவற்றுடன் மார்பகப் பரிசோதனையும், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனையும் அங்கு செய்யப்படுகின்றன. கூச்சத்தின் காரணமாகப் போகாமல் விடும் சகோதரிகளே! உங்கள் குழந்தையின் எடையை நிறுத்த அதே மருத்துவமாதுவிடம் மனந்திறந்து பேசுங்கள். பெண் உத்தியோகத்தர் சோதிக்கும் கிளினிக் எது என்பதை அவர் மூலம் அறிந்து கொள்ளலாம். தனியாகப் போகத் தயங்கினால் மாமியையோ ராத்தாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கும் சோதித்தாகிவிடும். 2017ஆம் ஆண்டு முதல் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு வழங்கப்பட்டு வரும் எச்பிவி தடுப்பூசியும் இதே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்காகத்தான். பாடசாலையிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தால் அதை மடித்து வைத்துவிடாதீர்கள்.

வாசற்படியில் நிற்பவர்களுக்கு நற்செய்தி

வாசற்படிக்கு வந்தவர் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்ற விதி கிடையாது. 2002இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் பேராய்வொன்றில், நீரிழிவுக்கு அண்மித்தவர்களில் ஒரு சாரார் உடல் எடையில் 100க்கு ஏழு பங்கைக் குறைப்பதையும், கிழமைக்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டனர். அவர்களில் நோய் வரும் வாய்ப்பு 58 வீதத்தால் குறைந்தது. மெட்போமின் குளிசை எடுத்தவர்களில் குறைந்தது 31 வீதம் மாத்திரமே. நம்மைப் போன்ற உணவுப் பழக்கமுள்ள சென்னை மக்களிடையே நடந்து 2006இல் வெளியான ஆய்விலும், வாழ்க்கை முறை மாற்றத்தால் மட்டும் சுமார் 28 வீதக் குறைவு ஏற்பட்டது. குளிசையை விட நடை பெரிது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

80 கிலோ எடையுள்ளவருக்கு ஏழு வீதம் என்பது ஐந்தரைக் கிலோதான். 150 நிமிடம் என்பது கிழமையில் ஐந்து நாட்கள் அரை மணித்தியாலம் வேகமாக நடப்பது. சுபஹுத் தொழுகைக்குப் பின் படுக்கைக்குத் திரும்பாமல் நடக்கலாம். பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போகாமல் நடந்தே போகலாம். வெளியே நடக்க வசதியில்லாத பெண்கள் வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ நடக்கலாம். அயலிலுள்ள நான்கைந்து பேர் சேர்ந்து நடந்தால் சலிப்பும் இருக்காது. அரை மணித்தியாலம் ஒரேயடியாகக் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடங்கள். வீட்டு வேலையே போதும் என்று சொல்லும் சகோதரிகள், மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாகச் செய்யும் வேலை எவ்வளவு என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

சீனிப் போத்தலைக் கவனியுங்கள்

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஐந்து கோப்பைத் தேநீர். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி. குவித்து அள்ளினால் ஒரு தேக்கரண்டி ஐந்து கிராம் அளவில் வரும். ஆக நாளைக்கு 50 கிராம். வருடத்துக்கு 18 கிலோவுக்கும் அதிகம். தேநீரில் மட்டும்! கூடுதலாகச் சேர்க்கப்படும் சீனியை நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்துக் கொள்வது மிகச் சிறந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் ஆலோசனை கூறியது. ஒரேநாளில் நிறுத்த முடியாதவர்கள் கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். நாக்கு விரைவில் பழகிக் கொள்ளும். கருப்பட்டி, கித்துள் பாணி, தேன் என்பன இயற்கையானவை என்பதால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். இரத்தத்துக்குள் போனதும் அவையும் சீனிதான்.

குளிர்பானப் போத்தல்களில் 2016 ஆகஸ்ட் முதல் நிறக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. இரண்டு முதல் 11 வரை செம்மஞ்சள். இரண்டுக்குக் குறைவென்றால் பச்சை. சிவப்பு வட்டமுள்ள அரை லீற்றர் போத்தலொன்றில் 55 கிராமுக்கு மேல், அதாவது 11 தேக்கரண்டிச் சீனி இருக்கிறது. விருந்தினர் வந்ததும் கடைக்கு ஓடும் பிள்ளையிடம் அந்த வட்டத்தைப் பார்த்து வாங்கச் சொல்லிக் கொடுங்கள். எலுமிச்சைத் தண்ணீர், மோர், இளநீர் என்று விருந்தோம்பலுக்கு நம்மிடம் வேறு வழிகள் இல்லாமலில்லை.

சாப்பாட்டுத் தட்டிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். தட்டில் பாதிக்குக் கீரையும் மரக்கறியும், கால் பங்குக்குச் சோறு, மீதிக் கால் பங்குக்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. நம்மவர் தட்டில் சோறு மலையாகவும் கீரை அடிவாரமாகவும் இருப்பதுதான் பிரச்சினை. வல்லாரைச் சம்பல், பொன்னாங்கண்ணிச் சுண்டல், பாகற்காய், முருங்கைக்கீரை எல்லாம் நமது சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. கலியாண வீட்டுச் சஹனில் உட்கார்ந்தால் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பது தெரிவதில்லை. சேர்ந்து உண்பதில் பரக்கத் இருக்கிறது. அந்தப் பரக்கத்தைக் கெடுக்காமலே, நமது பக்கத்தில் நாலு பிடியோடு நிறுத்திக் கொள்ளவும் முடியும். வட்டிலப்பத்தை ஒரு கரண்டியோடு நிறுத்துபவரை யாரும் மரியாதை குறைந்தவராக நினைக்கப் போவதில்லை.

உப்பைப் பொறுத்தவரை ஒருவருக்கு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும். கருவாடு, அச்சாறு, சூப் கட்டி, பொதி செய்த பொரியல்கள் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

பிரஷர்: இரண்டு இலக்கங்கள்

இரத்த அழுத்தம் 120/80க்குக் கீழே இருப்பது நல்லது. பல தடவை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம். தலையிடி வந்தால்தான் பிரஷர் என்பது பரவலான தப்பபிப்பிராயம். பெரும்பாலானோருக்கு ஓர் அறிகுறியும் இருப்பதில்லை. அளக்கும் முன் அரை மணித்தியாலத்துக்குத் தேநீர், கோப்பி, சிகரெட் கூடாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக உட்காருங்கள். கையை இருதயத்தின் மட்டத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அளக்கும்போது பேசாதீர்கள். படியேறி வந்த களைப்போடு அளந்த இலக்கத்தை நம்பிப் பயப்படவும் வேண்டாம், ஒரு தடவை சரியாக இருந்ததை நம்பி மறந்துவிடவும் வேண்டாம்.

குளிசையை நிறுத்தலாமா?

வைத்தியர்கள் அன்றாடம் சந்திக்கும் பிரச்சினை இது. இரண்டு மாதம் குளிசை எடுப்பார். சீனியும் பிரஷரும் சரியாகிவிடும். "இப்போது சுகம்தானே" என்று நிறுத்திவிடுவார். மழையில் குடை பிடித்து நடப்பவர், தான் நனையவில்லை என்பதற்காகக் குடையை மடக்கி விடுவாரா? குடை இருப்பதால்தான் நனையவில்லை. குளிசை இருப்பதால்தான் இலக்கம் சரியாக இருக்கிறது. எடை குறைந்து, நடை கூடிய பின் சிலருக்கு மருந்தைக் குறைக்க முடியும். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் வைத்தியர்.

பக்கத்து வீட்டு மாமியின் குளிசையை வாங்கிப் போடுவதும் வேண்டாம். அவருடைய சிறுநீரகமும் உங்களுடைய சிறுநீரகமும் ஒன்றல்ல. பாகற்காய், வெந்தயம், கோவை இலை என்பன நல்ல உணவுகள். சாப்பிடுங்கள். ஆனால் அவற்றை நம்பி மருந்தைக் கைவிட வேண்டாம். இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்ற பயமும் தேவையற்றது. 1921இல் கனடாவின் டொரொன்டோ நகரில் கண்டுபிடிக்கப்பட்ட இன்சுலின், அதுவரை சாவின் வாயிலில் கிடந்த பிள்ளைகளைப் பிழைக்க வைத்த மருந்து. உடம்பு தானே சுரக்க வேண்டியதை வெளியிலிருந்து கொடுப்பதில் பயப்பட என்ன இருக்கிறது? மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் வலிக்குளிசைகள் விடயத்தில்தான் உண்மையில் பயப்பட வேண்டும். நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்களின் சிறுநீரகத்தை அவற்றுள் பல மேலும் கெடுக்கக் கூடியவை.

நோய் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கண்ணின் விழித்திரையையும், சிறுநீரில் புரதத்தையும், இரத்தத்தில் கிரியேட்டினினையும் பரிசோதிக்க வேண்டும். பாதங்களைத் தினமும் பாருங்கள். வுழூச் செய்யும்போது கால் விரல்களின் இடுக்குகளையும் கழுவுகிறீர்கள் அல்லவா? அப்போதே புண், வெடிப்பு, கொப்புளம் இருக்கிறதா என்றும் பார்த்து, ஈரத்தைத் துடைத்து விடுங்கள். உணர்வு குறைந்த காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. ஹஜ், உம்ராவுக்குச் செல்லும் நீரிழிவு நோயாளர்கள் சுடுதரையில் வெறுங்காலோடு நடப்பதையிட்டு மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

நோன்பும் நீரிழிவும்

ரமழான் வந்துவிட்டால் நீரிழிவு உள்ள உம்மம்மாவை நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் துணிவு வருவதில்லை. சொன்னாலும் அவர் கேட்பதில்லை. 2001ஆம் ஆண்டில் 13 நாடுகளைச் சேர்ந்த 12,000க்கு மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளரிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது ஏனைய மாதங்களை விட ரமழானில் ஏழரை மடங்கு அதிகரித்ததைக் காட்டியது.

இதற்காக நீரிழிவு உள்ள எவருமே நோன்பு நோற்கக் கூடாது என்பதல்ல. பலருக்கு முடியும். ஆனால் ரமழானுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைகளுக்கு முன்பே வைத்தியரைச் சந்தித்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொள்ள வேண்டும். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு ஆபத்து குறைவு. இன்சுலின், கிளிபென்கிளமைட் போன்றவற்றை எடுப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், நீரிழிவுள்ள கர்ப்பிணிகள், சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்கள், அண்மையில் சீனி கடுமையாக இறங்கி மயங்கியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மிக அதிகம்.

நோன்புடன் இருக்கையில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் தோன்றினால் உடனே சீனியைச் சோதியுங்கள். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறிவதில்லை என்பது உலமாக்களின் தெளிவான கருத்து. 70க்குக் கீழே இறங்கினாலும், 300க்கு மேல் ஏறினாலும் அக்கணமே நோன்பை விட்டுவிட வேண்டும். மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தானே என்று தாமதிக்க வேண்டாம். ஸஹரைத் தவிர்க்காதீர்கள், அதனைப் பிற்படுத்திச் சாப்பிடுங்கள். நோன்பு திறக்கும்போது தண்ணீரும் ஓரிரு பேரீச்சம்பழமும் போதும். கஞ்சி நல்லது. அதனுடன் வரும் ரோல்ஸ், சமோசா, பலூடாவின் எண்ணிக்கையில்தான் கட்டுப்பாடு வேண்டும்.

நோயாளிக்கு நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை அல்குர்ஆனே (2:184, 185) வழங்கியிருக்கிறது. நாட்பட்ட நோயாளர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக் கொள்வது ஈமானின் குறைவல்ல என்பதை உம்மம்மாவுக்கு அன்பாக எடுத்துச் சொல்வது பிள்ளைகளின் கடமை.

நிமிடங்கள் முக்கியமானபோது

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சுக் குளறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரென்று தோன்றினாலும் அது பாரிசவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணித்தியாலத்துக்குள் மட்டுமே கொடுக்க முடியும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று தாமதிக்கும் நேரத்தில் மூளை செத்துக் கொண்டிருக்கும். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்பவை மாரடைப்பின் அறிகுறிகள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாக மட்டும் வரவும் கூடும். "வாயு" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளாதீர்கள். 2016இல் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். இலக்கம் 1990. வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள்.

இன்று ஒரு தீர்மானம்

சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணித்தியாலம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். அவரோடு கூடப் போகும் மகனின் வேலை, வாகனக் கூலி, வீட்டு வருமானம் எல்லாமே அந்த இயந்திரத்தைச் சுற்றியே சுழலும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை நாம் மறந்திருக்க முடியாது. மருந்தை நம்பி வாழ வேண்டிய நிலைக்கு வராமல் தடுத்துக் கொள்வது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அக்காலம் நமக்குக் கற்றுத் தந்தது.

ஆகவே, அன்புள்ள வாசகர்களே! இதை வாசித்து முடித்ததும் பக்கத்தை மூடிவிடாமல் ஒரு கடுதாசியை எடுங்கள். வீட்டில் 35 வயதைத் தாண்டிய அனைவரின் பெயரையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் கடைசியாகச் சீனியும் பிரஷரும் பார்த்த திகதியை எழுதுங்கள். வெறுமையாக இருக்கும் இடங்களை அடுத்த மாதத்துக்குள் நிரப்பிவிடுங்கள். அந்தப் பட்டியலில் உம்மாவின் பெயர் முதலாவதாக இருக்கட்டும். அவர் தாமாகக் கேட்டுப் போக மாட்டார். நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.